சுண்ணாம்புத் தண்ணீரும் சுட்ட பாதங்களும்

சிராங்கூன் ரோட்டில் அந்தக் காலத்தில் என்னைப் போல் சுண்ணாம்புத் தண்ணீர் செய்யத் தெரிந்த ஆள் வேறு யாரும் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு, அது சீறி அடங்கும்வரை பொறுத்திருந்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஒரு துளி கலங்கல் சேராமல் இறுத்தெடுக்க வேண்டும். பாலைக் கக்கும் குழந்தைக்கு அது மருந்து. அதையும் ஆளிவிதை எண்ணெயையும் சரிக்குச் சரி கலந்து குலுக்கினால் தீப்புண்ணுக்குப் போடும் மஞ்சள் குழம்பு கிடைக்கும். கேரன் ஆயில் என்று அதற்குப் பெயர். வாரத்துக்கு ஒரு ஜாடி செய்தேன். குறை சொன்னவர் யாருமில்லை. ஆனால் தண்ணீரில் சீறி அடங்கிய அதே சுண்ணாம்பின் பெயரை ரசாயன முறைப்படி எழுது என்று யாராவது காகிதத்தை நீட்டினால் எனக்கு வியர்த்துவிடும். அந்தப் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தேன்.

நான் அப்போது ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். வயது இருபத்து மூன்று. மருந்து கலந்து கொடுப்பவன் சர்க்கார் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும், தேறாதவன் விஷ அலமாரியைத் தொடக்கூடாது என்று கெடுபிடி ஆரம்பமான சமயம். எங்கள் முதலாளி பழைய படிப்புப் படித்த தமிழ் வைத்தியர். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம். அவர் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்.

"ரெண்டு தடவை ஃபெயிலானா ஜனங்க மறந்துடுவாங்க. மூணாவது தடவையும் ஆனா எனக்குத்தான் அசிங்கம். இந்தத் தடவை போச்சுன்னா கவுண்டர்ல நிக்க வேற ஆளு வரும். நீ பின்னால பாட்டில் கழுவலாம். இல்லைன்னா உங்க அண்ணன்கிட்ட போயிடு."

என் அண்ணன் எருமைத் தொழுவத்தில் வேலை பார்த்தான். இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அங்கே நாலு வருஷம் சாணி அள்ளினேன். மாடுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவை என்னைவிட ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன. ஆனால் கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் நிற்கும் என்னைப் பார்த்து வண்டிக்காரர்களும் சலவைத் தொழிலாளிகளும் "டாக்டரையா" என்று கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒரு தடவைகூட அவர்களைத் திருத்தியதில்லை. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மறுபடி சாணிக் கூடையைத் தலையில் ஏற்றுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என்னைக் கெடுத்தது இரண்டே இரண்டு வளைந்த கோடுகள். ரசாயனத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் சுருக்கப் பெயர் உண்டு. கால்சியத்துக்கு Ca, ஆக்ஸிஜனுக்கு O, ஹைட்ரஜனுக்கு H. எது எத்தனை என்பதை அதன் காலடியில் சின்ன எண்ணாகப் போட வேண்டும். இதுவரை மளிகைச் சீட்டு மாதிரிதான், எனக்குப் புரிந்தது. ஆனால் சில அணுக்கள் தனியாக எங்கும் போகாமல் கும்பலாகவே திரியும். ஒரு ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்து OH என்று ஒரு கும்பல். ஒரு கந்தகமும் நாலு ஆக்ஸிஜனும் சேர்ந்தால் சல்பேட். ஒரு நைட்ரஜனும் நாலு ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியம். புத்தகம் இந்தக் கும்பலை ராடிக்கல் என்று சொன்னது. ஒவ்வொன்றுக்கும் இத்தனை கை என்று கணக்கு உண்டு. எல்லாக் கையும் கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு கைகூடச் சும்மா தொங்கக்கூடாது. கால்சியத்துக்கு இரண்டு கை. OH கும்பலுக்கு ஒரே கை. ஆகவே ஒரு கால்சியத்துக்கு இரண்டு OH.

நான் CaOH₂ என்று எழுதினேன். இரண்டு என்றார்கள், இரண்டு போட்டேன். தப்பு என்று சிவப்புக் கோடு வந்தது. Ca(OH)₂ என்று எழுத வேண்டுமாம். ஊறுகாய் ஜாடிக்கு மூடி போடுகிற மாதிரி இந்த அடைப்புக்குறி எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. மயில் துத்தம் கேட்டால் CuSO₄ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். வெடியுப்பு KNO₃. சலவைச் சோடா Na₂CO₃. இதெல்லாம் சரியாக வந்ததற்குக் காரணம் என் அறிவு அல்ல. இவற்றில் கும்பல் ஒன்றே ஒன்று. கும்பல் இரண்டாகிற இடத்தில் எல்லாம் நான் குப்புற விழுந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் புத்தகம் அச்சடித்தவனுக்குக் கிறுக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அரபுத் தெருப் பக்கத்தில் வேறொரு டிஸ்பென்சரியில் அவனும் கம்பவுண்டர். தாத்தா காலத்திலேயே நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த மரக்காயர் குடும்பம். துணிக்கடையும் வெங்காயக் கிட்டங்கியும் இருந்தன. இங்கேயே பிறந்தவன், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய், இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா'. அவனும் அந்த வருஷம் அதே பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தான். அவனுக்கு அது முதல் தடவை. "ஒரு வருஷம் உன் இஷ்டம், தேறலைன்னா கடையில வந்து துணி கிழி" என்று அவனுடைய வாப்பா சொல்லியிருந்தார். துணி கிழிக்க அவனுக்குத் துளியும் ஆசை இல்லை. ராடிக்கல்களை எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி பெயர் சொல்லிக் கூப்பிடுவான். எனக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனான்.

படிப்பு ஏறாதவனுக்குத் தெய்வம்தானே துணை. ஐப்பசியில் சவுத் பிரிட்ஜ் ரோட்டு அம்மன் கோயில் தீமிதி வந்தது. பாஸ் பண்ணினால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்ட பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பரீட்சை தீமிதிக்கு ஒன்பது நாள் கழித்து. பாஸ் பண்ணிவிட்டு மிதிப்பதென்றால் அடுத்த ஐப்பசி வரை அம்மன் காத்திருக்க வேண்டும். நான் அம்மனாக இருந்தால் என்னை நம்ப மாட்டேன். ஆகையால் முதலில் மிதித்துவிடுவது, பாஸை அப்புறம் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

கூட்டாளி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "தச்சன்கிட்ட முன்பணம் குடுத்துப் பார்த்திருக்கியா, மச்சான்? கதவு எப்ப வந்துச்சு?"

"அம்மனும் தச்சனும் ஒண்ணா?"

"எனக்கு உங்க அம்மனைத் தெரியாது. எனக்குத் தச்சனைத் தெரியும் லா."

விரதம் ஒரு மாதம். கறி மீன் கிடையாது, பாயில்லாமல் தரையில் படுக்கை, விடிகாலைக் குளியல். இருபது நாள் ஒழுங்காக இருந்தேன். இருபத்தோராவது நாள் கூட்டாளியின் தங்கைக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியுமா? சாப்பிடாமல் வருகிறேன் என்றுதான் போனேன். நெய்ச்சோற்று வாசனை தெருமுனையிலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. சோறு மட்டும் போடுங்கள் என்றேன். வெறும் சோற்றை எப்படித் தின்பது என்று ஒரு பெரியவர் தால்ச்சாவை ஊற்றினார். "பருப்புதானே?" என்று கேட்டேன். "பருப்புதான், தம்பி" என்றார். பருப்புக்குள் என் கட்டைவிரல் தடிமனுக்கு ஆட்டெலும்பு கிடந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டேன். இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

தீமிதி அன்று எங்கள் தெருப் பெருமாள் கோயிலிலிருந்து மஞ்சள் வேட்டியோடு கும்பலாக நடந்து போனோம். சாயங்காலம் குழிக்கு முன்னால் நிற்கும்போது எல்லோரும் அம்மனைக் கூப்பிட்டார்கள். என் வாய் மட்டும் அம்மோனியத்துக்கு எத்தனை கை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் போனவர் நல்ல கனத்த சரீரம். குழியின் நடுவில் அவருக்குப் பக்தி முற்றி நடை தளர்ந்தது. அவரைத் தாண்டிப் போக வழியில்லை. முதுகில் கை வைத்துத் தள்ள மரியாதை இடம் கொடுக்கவில்லை. ஆகவே நானும் நடுக் குழியில் நின்றேன். தீக்குழியைத் தாண்டியதும் கால் நனைக்கிற பால்குழியில் கால் வைத்தபோது தெரிந்துவிட்டது. ஆட்டெலும்பா, அந்த மனிதரா, எது காரணம் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. இரண்டு உள்ளங்கால்களும் வெந்துவிட்டன.

கோயிலுக்கு வெளியே எங்கள் முதலாளி ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் நான் செய்த கேரன் ஆயில் ஜாடி. காலைச் சுட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் அவர்தான் கட்டுப் போடுவார். கட்டுப் போட்டுக்கொண்டே ஊர் கேட்கக் கேட்பார்: "விரதம் சுத்தமா இருந்திருந்தா அம்மா ஏன் சுடப்போறா? என்ன தின்னே, சொல்லு." தின்றதைச் சொன்னவனுக்கு அதற்கப்புறம் அவர் வாசலில் மரியாதை கிடையாது. அவருடைய கம்பவுண்டரே வெந்த காலோடு போய் நின்றால் பரீட்சை வரைகூடக் காத்திருக்க மாட்டார். நான் என் சொந்த மருந்தைத் தாண்டி, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போனேன். "சபாஷ்" என்றார் முதலாளி. திருப்பம் வந்ததும் கூட்டாளியின் தோளில் சாய்ந்து கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். அவன் ரிக்‌ஷாவோடு அங்கே நின்றிருந்தான்.

ஒன்பது நாளும் கூட்டாளி வீட்டு வெங்காயக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தேன். எனக்கு வயிற்றுப்போக்கு என்று முதலாளிக்குச் சொல்லியனுப்பினோம். அவர் நல்ல மனிதர், உடனே ஒரு பாட்டில் சீமைச்சுண்ணாம்பு மிக்ஸ்சர் கொடுத்தனுப்பினார். அதைக் கீழே கொட்டிவிடலாம் என்றேன். "பெரிய மனுஷன் குடுத்த மருந்து, கொட்டக்கூடாது" என்று கூட்டாளி வேளை தவறாமல் என் வாயில் ஊற்றினான். பேதி இல்லாதவன் அந்த மிக்ஸ்சரை மூன்று நாள் குடித்தால் என்ன ஆகும் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் அவன் என் உள்ளங்கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பழைய துணியைப் பிரித்து, ஒட்டியிருந்த இடத்தை வெந்நீரால் நனைத்து நனைத்து விடுவித்து, புதிதாகக் கேரன் ஆயில் எண்ணெய் போட்டுக் கட்டினான். சீழ் வாடைக்கு முகத்தைச் சுளிக்கவில்லை. என் அண்ணன்கூட என் காலைத் தொட்டிருக்க மாட்டான். நான் அவனிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"உன் தங்கச்சி கல்யாணச் சோறுதான்டா என்னைச் சுட்டுடுச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"சோத்து மேல பழி போடாதே. ரெண்டு தரம் வாங்கித் தின்னே. நான் பார்த்தேன்."

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கட்டுப் போட ஆரம்பிக்குமுன் அவன் கேட்டான். "சுண்ணாம்பை எழுது பார்ப்போம்." கரித்துண்டால் வெங்காய மூட்டை மேல் CaOH₂ என்று எழுதினேன். அவன் திட்டவில்லை. "சரி" என்றான். ஒரு பஞ்சை எண்ணெயில் நனைத்தான். இரண்டு துணிப்பட்டைகளை எடுத்தான். வலது காலில் பஞ்சை வைத்து மேலே துணியைச் சுற்றினான். சுகமாக இருந்தது. இடது காலில் எண்ணெய் எதுவும் போடாமல் காய்ந்த துணியை அப்படியே புண்மேல் வைத்து இழுத்துச் சுற்றினான்.

நான் போட்ட கூச்சலில் கிட்டங்கிப் பூனை வெளியே ஓடிவிட்டது.

"என்னடா பண்றே, சண்டாளா!"

"நீ எழுதினபடி செய்யறேன். O ஒண்ணு, H ரெண்டு. எண்ணெய் ஒண்ணு, துணி ரெண்டு. சரியா இருக்கா?"

"ரெண்டு காலுக்கும் எண்ணெய் வேணும்டா!"

"அப்படியா? எங்கே எழுதியிருக்கே? நீ போட்ட அந்த '2', துணிக்கு மட்டும்தான் சேரும். பக்கத்துல இருக்கிறதுக்கு மட்டும்தான் அது சேரும் லா."

வலி மண்டைக்கு ஏறிய அந்த நிமிஷத்தில், ஆண்டவன் சத்தியமாக, எனக்கு விளங்கிவிட்டது. கால் இரண்டு. ஒவ்வொரு காலுக்கும் எண்ணெயும் துணியும் சேர்ந்தே வர வேண்டும். பிரிந்து வந்தால் ஒரு கால் அலறும். எண்ணெயையும் துணியையும் ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டு இரண்டு வேண்டும் என்று சொல்வதற்குத்தான் அந்த இரண்டு வளைந்த கோடுகள். கரித்துண்டைப் பிடுங்கி Ca(OH)₂ என்று எழுதினேன். அவன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் இடது காலுக்குப் பஞ்சை நனைத்தான்.

அதற்கப்புறம் மூட்டை மூட்டையாக எழுதினோம். அம்மோனியத்துக்கு ஒரு கை, சல்பேட்டுக்கு இரண்டு கை. ஆகவே அம்மோனியம் இரண்டு, கும்பலாக இரண்டு, (NH₄)₂SO₄. சல்பேட் ஒன்றே ஒன்று, அதற்கு அடைப்புக்குறி வேலி வேண்டாம். எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் கொஞ்சம் படுத்தியது. கால்சியத்துக்கு இரண்டு கை, பாஸ்பேட்டுக்கு மூன்று. ஆறு கைக்கு ஆறு கை கோக்க வேண்டுமானால் கால்சியம் மூன்று, பாஸ்பேட் இரண்டு, Ca₃(PO₄)₂. தால்ச்சாவில் கிடந்ததும் இதுதானே என்றான் கூட்டாளி. நான் தப்பாக எழுதினால் காய்ந்த துணியை எடுத்துக் காட்டுவான். காட்டினாலே போதும், நான் திருத்திவிடுவேன். அலுமினியம் சல்பேட்டை Al₂(SO₄)₃ என்று முதல் தடவையிலேயே எழுதிய அன்று அவன் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, தன் வீட்டிலிருந்து ரொட்டியும் குழம்பும் கொண்டுவந்தான். விரதம்தான் முடிந்துவிட்டதே, எலும்பைக்கூட விடவில்லை.

பரீட்சை நாள். குன்றின்மேல் ஒரு சர்க்கார் கட்டடம், மாடியில் ஹால். காலையில் எழுத்து, மத்தியானம் நின்றுகொண்டு மருந்து செய்து காட்ட வேண்டும். என்னால் நிற்கவே முடியாது. கட்டின் மேல் போட்டுக்கொள்ளக் கூட்டாளி தன் அண்ணனுடைய பெரிய பூட்ஸைக் கொண்டுவந்தான். உடம்புக்கு முடியாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மாடிப்படியில் அவன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டான். நாற்பது படி இருக்கும். பரீட்சைக்காரர்கள் யாரும் வருமுன்பே மூச்சு வாங்க என்னை ஹாலுக்குள் கொண்டுபோய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தான். அப்போதுதான் பார்த்தோம், ஒரு பூட்ஸைக் காணோம். எங்கோ படியில் கழன்று விழுந்துவிட்டது. மேஜைக்கடியில் வெள்ளைத் துணிக் கட்டு பளிச்சென்று தெரிந்தது.

"இரு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவன் இறங்கி ஓடினான்.

மணி அடித்தது. பரீட்சைக்கார வெள்ளைக்காரர் கையைக் காட்ட, பியூன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வி: கீழ்க்கண்டவற்றின் ஃபார்முலாவை எழுதுக. முதல் பெயர், கால்சியம் ஹைட்ராக்ஸைடு.

கதவை யாரோ தட்டினார்கள். வெள்ளைக்காரர் தலையைத் தூக்கினார். "வெளியே இருப்பது யார்? யாருக்காவது தெரியுமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். அவர் குரலில் கடுமை இல்லை. நான் எழுந்து, "ஐயா, அவன் மணிக்கு முன்னாலேயே உள்ளே இருந்தவன், என் பூட்ஸுக்காகத்தான் வெளியே போனான்" என்று சொல்லியிருந்தால் அநேகமாக விட்டிருப்பார். ஆனால் எழுந்தால் என் கால் தெரியும். கால் தெரிந்தால் வாசலில் ஒட்டிய காகிதம் இருக்கிறது. எனக்குப் பின்னால் முதலாளியும், பாட்டில் கழுவும் தொட்டியும், சாணிக் கூடையும் வரிசையாக நின்றன. நான் வெந்த காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு Ca(OH)₂ என்று எழுதினேன். பியூன், "லேட்டா வந்த ஆளுங்க, துரை" என்றான். வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் காகிதங்களுக்குத் திரும்பினார்.

மத்தியானம் கதவைத் திறந்தபோது கூட்டாளி மேல்படியில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கேட்டது இதுதான்: "சுண்ணாம்பு வந்துச்சா?"

"வந்துச்சு. முதல் கேள்வியே அதுதான்."

"வேலி போட்டியா?"

"போட்டேன்."

அவன் மீசைக்குக் கீழே சிரிப்புப் பரவியது. என்னை உட்காரவைத்து, கட்டு அசையாமல் பார்த்துப் பார்த்து பூட்ஸை மாட்டிவிட்டான். நாடாவை முடிந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டான்.

"நான் தட்டினேன், மச்சான். உள்ளே கேட்டுச்சா?"

"கேட்கலை" என்றேன்.

"தடிச்ச கதவு லா" என்று சொல்லி முடிச்சை இறுக்கினான்.

மத்தியானம் மூன்று மணி நேரம் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் வீரம் மாதிரி தெரியும். வலியே எனக்குத் தெரியவில்லை. பாஸானேன். பட்டியல் ஒட்டிய செய்தியைக் கொண்டுவந்தவனும் அவன்தான். ஒரு பொட்டலம் அல்வாவோடு வந்து, நான்தான் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று எங்கள் முதலாளியிடமே பெருமை அடித்துக்கொண்டான். முதலாளி என் தோளைத் தட்டி, தீமிதியின் பலன் என்றார். அடுத்த வாரம் அவன் துணிக்கடையில் உட்கார்ந்துவிட்டான். வாப்பா சொன்ன ஒரு வருஷம் முடிந்திருந்தது.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் நான் கவுண்டரில் நின்றேன். டாக்டரையா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தீபாவளிக்கு எனக்கு வேட்டி கிழித்துக் கொடுப்பது அவன்தான். ஒவ்வொரு தடவையும் முழத்துக்கு மேல் ஒரு சாண் கூடுதலாகவே கிழிப்பான். தமிழில் அச்சாகிற எதையும் அவன் கல்லாவில் வைத்துப் படித்துவிடுவான் என்பதால் இதையும் படிப்பான். வாயால் சொல்ல எனக்கு இத்தனை வருஷத்தில் தைரியம் வரவில்லை.

கேட்டுச்சு, மச்சான். மூணு தரம் தட்டினே. மூணையும் நான் எண்ணினேன்.